மேடையில் குழந்தை, கடைசி வரிசையில் அம்மா

சென்ற இதழில் மழைக்காலத்தில் பருப்பு டப்பாவில் வண்டு வராமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் காமிரா! 'என்ன இது, அடுக்களையை விட்டுவிட்டு இவள் எங்கேயோ கிளம்பிவிட்டாளே' என்று சில சகோதரிகள் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் டப்பாவுக்கே வந்து சேருகிறேன்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஓர் இளம் பெண் குடியிருக்கிறாள். மாமியாரும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் கூட. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. கார்த்திகை மாதம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் ஒழித்துப் போட்டுக் கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, ஒரு யோசனை கேக்கணும். சீட்டுப் பணம் இருபதாயிரம் வந்திருக்கு. ஒரு காமிரா வாங்கலாமான்னு பார்க்கிறேன். நல்லா ஜூம் ஆகிற மாதிரி."

பின்னாலேயே அவள் மாமியாரும் இறங்கி வந்துவிட்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. கையில இத்தனை பெரிய போன் இருக்கு. அதுல இல்லாத போட்டோவா? இருபதாயிரத்துக்கு ரெண்டு கிராமாவது வாங்கி வெச்சா குழந்தைக்கு ஆகுமே!"

அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. ரெண்டு கிராம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். சீட்டுப் பணம் என்றால் சும்மாவா? மாதா மாதம் காய்கறிக் காசிலும் பால் காசிலும் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது. அதனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. "எதுக்கும்மா திடீர்னு காமிரா?" என்று கேட்டேன். தன் போனை எடுத்துக் காட்டினாள்.

போன வருஷப் பள்ளி ஆண்டு விழா. மேடையில் எட்டுக் குழந்தைகள் மயில் வேஷத்தில் ஆடுகின்றன. முன் வரிசைகள் பிரமுகர்களுக்கு. பெற்றோருக்குப் பின்னால்தான் இடம். இவள் கடைசி வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்று, போன் திரையை விரலால் விரித்து விரித்து எடுத்திருக்கிறாள். பச்சையாக எட்டுத் திட்டுகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு. அதை மஸ்கட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் பதிலுக்கு அனுப்பியிருந்தது ஒரே வரி: 'இதுல நம்ம பாப்பா எது?'

எனக்கு நெஞ்சைப் பிசைந்தது. காரணம் இருக்கிறது.

2013-இல் என் பெண் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். பள்ளி விழாவில் ஆண்டாள் வேஷம். கொண்டை, மாலை, கிளி எல்லாம் வைத்து அலங்காரம் பண்ண யோசனை சொன்னதே என் மாமியார்தான். ஆனால் விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். "கவலைப்படாதீங்கம்மா, போட்டோ எடுத்துண்டு வந்து காட்டறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு கண்காட்சி ஸ்டாலில் 4,800 ரூபாய்க்கு ஒரு காமிரா வாங்கினேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '16 மடங்கு ஜூம்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே கடுகு எழுத்தில் இருந்த 'டிஜிட்டல்' என்ற வார்த்தையை நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் எனக்கு அப்போது புரிந்திருக்காது.

படம் எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதே பிசைந்த மாவு. மாமியார் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வெகு நேரம் பார்த்தார். "நன்னா இருக்கு, கிளி பச்சையாத் தெரியறது" என்றார். என் மனசு நோகக் கூடாதே என்று. மறு வருஷம் அவர் போய்விட்டார். காமிரா இன்னும் பரண் மேல் கிடக்கிறது.

அதனால், மாடி வீட்டுப் பெண் கேட்டதும் 'இந்தத் தடவை எண்ணைப் பார்த்து ஏமாறுவதில்லை' என்று தீர்மானம் செய்து கொண்டேன். இந்த இடைக்காலத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் வைத்திருந்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த 'டிஜிட்டல் ஜூம்' என்ற மாயம். ஒரு டம்ளர் மோர் இருக்கிறது, மூன்று பேர் வந்துவிட்டார்கள். என்ன செய்கிறோம்? தண்ணீரை விட்டு மூன்று டம்ளர் ஆக்குகிறோம். டம்ளர் மூன்றுதான், மோர் என்னவோ ஒரு டம்ளர்தான். டிஜிட்டல் ஜூம் அதே கதை. காமிரா எடுத்த படத்தின் நடுவே ஒரு துண்டை வெட்டி, அதைப் பெரிதாக இழுத்துக் காட்டுகிறது. புதிதாக ஒரு விவரமும் சேராது. 'ஆப்டிகல் ஜூம்' என்பதுதான் நிஜ ஜூம். அதில் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் கொண்டு வரும். பெரும்பாலான காமிராக்களில் லென்ஸ் ஆமைத் தலை மாதிரி வெளியே நீளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என் 4,800 ரூபாய்க் காமிராவில் லென்ஸ் அசைந்ததே இல்லை!

போனிலும் விஷயம் இதுதான். திரையை விரலால் விரிப்பது பெரும்பாலும் தண்ணீர் விட்ட மோர்தான். விலை கூடிய சில போன்களில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு நிஜ ஜூம் லென்ஸ் தனியாக இருக்கிறது. அப்படிப்பட்ட போன் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் அதைப் பரீட்சை செய்து பாருங்கள். காமிரா செலவே மிச்சமாகலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குழந்தை தவழ்வது, பிறந்த நாள் கேக் வெட்டுவது, கொலு பொம்மை... இப்படி நாலடி, எட்டடி தூரத்துப் படங்களுக்குத்தான் உங்களுக்குக் காமிரா வேண்டுமென்றால், வாங்கவே வாங்காதீர்கள். இப்போதைய போன்கள் அந்த வேலையைச் சின்னக் காமிராவைவிட நன்றாகவே செய்கின்றன. மாடி வீட்டு மாமியார் சொன்னதில் பாதி நியாயம் இதுதான்.

இவளுக்கு வேண்டியது மேடை. அதற்கு எத்தனை ஜூம் தேவை? நான் அவளைப் பள்ளி ஹாலுக்கு அனுப்பி, கடைசி வரிசையிலிருந்து மேடை வரை அடி வைத்து எண்ணிவரச் சொன்னேன். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தாராம்! சுமார் 25 மீட்டர். காமிராக்காரர்கள் லென்ஸின் எட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். சாதாரணப் போன் லென்ஸ் அவர்கள் கணக்கில் சுமார் 24. அதே கணக்கில் 300 வரை எட்டும் லென்ஸ் இருந்தால், 25 மீட்டர் தூரத்தில் மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள இடம் படத்தில் நிறையும். ஒரு குழந்தை தலை முதல் கால் வரை, பக்கத்தில் தோழிகளோடு, அழகாக விழும். 600 இருந்தால் அதில் பாதி. முகமும் மார்பும் மட்டும் நெருக்கமாக வரும். 24-ஐ 300 ஆக்குவது பன்னிரண்டு மடங்கு சொச்சம்தான். ஆக, கடைசி வரிசை அம்மாவுக்கு 12-லிருந்து 25 மடங்கு ஜூம் இருந்தால் யதேஷ்டம். பெட்டியில் 60, 80 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதே இல்லை.

அடுத்தது மெகாபிக்ஸல். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸ் என்று போடுகிறார்களே, நாலுக்கு ஆறு அங்குலம், அதைத் தெளிவாக அச்சிட இரண்டு மெகாபிக்ஸல் சொச்சமே போதும். சுவரில் மாட்டும் எட்டுக்குப் பத்து அங்குலத்துக்கு ஏழு, எட்டு. 12 இருந்தால் நமக்குக் கல்யாணச் சாப்பாடு. (ஸ்டீவன் சாஸன் என்பவர் 1975-இல் கோடாக் கம்பெனியில் செய்து பார்த்த முதல் டிஜிட்டல் காமிராவில் இருந்தது 0.01 மெகாபிக்ஸல்தான். எடை 3.6 கிலோ. ஒரு படத்தை காஸட் டேப்பில் பதிய 23 விநாடி! அரைக் கிலோ காமிரா கனக்கிறது என்று நாம் அலுத்துக் கொள்கிறோம்.)

சரி, கடைக்குப் போவோம். புதுக் காமிரா விலையை விசாரித்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜ ஜூம் பெரிதாக உள்ள நல்ல கம்பெனிக் காமிராக்கள் எங்கள் பட்ஜெட்டைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. சின்னக் காமிரா செய்வதையே பல கம்பெனிகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. ஜப்பானியக் காமிரா கம்பெனிகளின் சங்கக் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே. போன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பட்ஜெட்டுக்குள் புதிதாகக் கிடைத்தவையெல்லாம் பெயர் தெரியாத காமிராக்கள். ஒன்றின் பெட்டியில் '16 மடங்கு ஜூம்' என்று பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பழைய விரோதியாயிற்றே!

ஆனால் அந்த 12 கோடியில் பல காமிராக்கள் இன்னும் வீட்டு பீரோக்களில் பத்திரமாக இருக்கின்றன. அவை பழைய காமிராக் கடைகளுக்கு வருகின்றன. ஆகவே, அண்ணா சாலைப் பக்கம் உள்ள ஒரு பழைய காமிராக் கடைக்கு இருவரும் போனோம்.

கடைக்காரர் நல்ல மனுஷர். நாங்கள் 'ஜூம்' என்றதுமே பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "அம்பது மடங்கு, மேடம். இருபது மெகாபிக்ஸல். இதைவிட உங்க பட்ஜெட்ல கிடைக்காது." மாடி வீட்டுப் பெண்ணின் கண் விரிந்தது. நான் காமிராவை வாங்கி, லென்ஸைச் சுற்றிப் பொறித்திருந்த எழுத்துக்களைப் படித்தேன்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெட்டி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். லென்ஸ் மேல் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று, இரண்டு எண்களும் 'மிமீ' என்பதும். அந்தக் காமிராவில் 4.3 – 215 என்று இருந்தது. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் நிஜ ஜூம். 215-ஐ 4.3-ஆல் வகுத்தால் 50. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டாவது, '1:' என்று ஆரம்பிக்கும் ஓர் எண். அதில் 1:3.4 – 6.5 என்றிருந்தது. இதுதான் வெளிச்சக் கணக்கு. லென்ஸ் எத்தனை பெரிய ஜன்னல் என்று சொல்லும் எண். எண் சின்னதாக இருந்தால் ஜன்னல் பெரிது, எண் பெரிதானால் ஜன்னல் சின்னது. தலைகீழ்க் கணக்கு, ஆனால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் பழகிவிடும். 3.4 – 6.5 என்றால், ஜூம் செய்யாதபோது ஜன்னல் ஓரளவு திறந்திருக்கிறது. முழுக்க ஜூம் செய்தால் 6.5 ஆகிவிடுகிறது. அப்போது உள்ளே வருவது கிட்டத்தட்ட கால் பங்கு வெளிச்சம்தான்.

வெயிலில் இது ஒரு பொருட்டே இல்லை. வேடந்தாங்கலில் பறவை பார்க்க, கோபுரத்து பொம்மைகளைக் கிட்டத்தில் பார்க்க அந்த ஐம்பது மடங்குக் காமிரா அருமையானது. அதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக் கொண்டு எடுக்கலாம். ஆனால் பள்ளி மேடை? இருட்டு ஹால், இரண்டு மூன்று விளக்கு, நிற்காமல் ஆடும் குழந்தைகள். வெளிச்சம் போதவில்லை என்றால் காமிரா கண்ணை அதிக நேரம் திறந்து வைத்துக் கொள்ளும். அதற்குள் குழந்தை கையை வீசிவிடும். படம் கலங்கிவிடும்.

"இதைவிட ஜூம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லை, '1:2.8'னு மட்டும் எழுதியிருக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய், மேல் தட்டிலிருந்து கறுப்பாக, கொஞ்சம் பெயிண்ட் தேய்ந்த ஒன்றைக் கொண்டு வந்தார். பானசோனிக் லூமிக்ஸ் எஃப்இஸட் 200. 2012-இல் வந்த மாடல். லென்ஸ் மேல் 4.5 – 108 என்றும், 1:2.8 என்றும் எழுதியிருந்தது. 108-ஐ 4.5-ஆல் வகுத்தால் 24 மடங்கு. நம் கணக்கில் 25-லிருந்து 600 மில்லிமீட்டர். விசேஷம் என்னவென்றால், வெளிச்ச எண் ஒன்றே ஒன்றுதான். ஜூம் முழுவதும் நீட்டினாலும் ஜன்னல் மூடுவதில்லை. முழு ஜூமில் அந்த ஐம்பது மடங்குக் காமிராவைவிட ஐந்து பங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

"இது பன்னெண்டு மெகாபிக்ஸல்தானே அக்கா? பழசு வேற..." என்று அவள் இழுத்தாள். எல்லா எண்ணும் குறைவு. விலையும் அதிகமில்லை, பழையதுதான். மனசு ஒப்பவில்லை அவளுக்கு. நான் வாதம் செய்யவில்லை. கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, கடையின் உள் மூலையில், டியூப்லைட் சரியாக எட்டாத இடத்தில், காலண்டரை மாட்டச் சொன்னேன். மறு கோடியில் நின்று இரண்டு காமிராவிலும் எட்டியவரை ஜூம் செய்து அவளையே எடுக்கச் சொன்னேன். அவள் போனிலும் ஒன்று. மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எஃப்இஸட் 200 படத்தில் காலண்டரில் 'அமாவாசை' என்று பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க முடிந்தது. அதற்கப்புறம் அவள் மெகாபிக்ஸல் பேச்சை எடுக்கவே இல்லை.

கடை வாசலில் வெயிலில் எடுத்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். வெயிலில் எல்லாக் காமிராவும் நல்ல காமிராதான். இருட்டு மூலையில் பாருங்கள்.

பழைய காமிரா வாங்கும்போது நாங்கள் செய்த மற்றப் பரிசோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். போனில் உள்ள டார்ச்சை லென்ஸ் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தோம். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். வாங்கவே கூடாது. ஜூமை ஐந்தாறு முறை நீட்டி மடக்கி, கரகரவென்று சத்தமோ தயக்கமோ இருக்கிறதா என்று கேட்டோம். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, அதில் கறும்புள்ளி விழுகிறதா என்று பார்த்தோம். பாட்டரியை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தோம். உப்பியிருந்தால் ஆடும். இந்த மாடலின் பாட்டரியே பிற்பாடு வந்த சில மாடல்களுக்கும் பொருந்துவதால் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பாட்டரி கிடைக்காத பழைய காமிரா வெறும் பேப்பர் வெயிட்! எங்கள் சொந்த மெமரி கார்டைப் போட்டு எடுத்துப் பார்த்தோம். பில் கேட்டோம். 'பத்து நாளுக்குள் பழுது வந்தால் மாற்றித் தருகிறேன்' என்று பில்லிலேயே எழுதி வாங்கினோம். வாய் வார்த்தை வேண்டாம், எழுதித் தரச் சொல்லுங்கள். கோபித்துக் கொண்டால் அது நல்ல கடை இல்லை.

காமிரா 15,500 ரூபாய். ஒரு உபரி பாட்டரி, மெமரி கார்டு, கார்டிலிருந்து போனுக்குப் படம் மாற்ற ஒரு பொடி ரீடர் (இந்த மாடலில் வை-ஃபை கிடையாது) எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரத்துக்குள் முடித்தோம். மிச்சத்தை அவள் மாமியார் கையில் கொடுத்துவிட்டாள். புத்திசாலிப் பெண்!

வாங்கியதோடு வேலை முடியவில்லை. தைக் கடைசியில் விழா. இரண்டு மாதம் இருந்தது. தினம் குழந்தை டியூஷனிலிருந்து வந்ததும் சாயங்கால மங்கல் வெளிச்சத்தில், மொட்டை மாடியில், அவளை ஆடச் சொல்லிப் படம் எடுத்தாள். இதில் நாங்கள் தப்பு செய்து கற்றுக் கொண்டது சிலதுண்டு. காமிராவை நீட்டிப் பிடித்துத் திரையைப் பார்த்து எடுத்தால், ஜூமில் சின்னக் கை நடுக்கமும் பூகம்பமாகத் தெரியும். காமிராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்து, நெற்றியோடு ஒட்டி, முழங்கையை விலாவோடு இறுக்கிக் கொண்டு எடுக்க வேண்டும். பட்டனை ஒரேயடியாக அமுக்கக் கூடாது. பாதி அமுக்கி, பீப் என்று சத்தம் வந்ததும் மீதி. முதல் வாரம் முழுக்க அவளுக்கு இது வரவே இல்லை. குழந்தை துள்ளி இறங்கிய பிறகுதான் படம் விழும்.

'ஆட்டோ'வில் வைத்தால் ஆட்டத்தில் கை கால் கலங்கியது. பிறகு மேலே உள்ள திருகில் 'எஸ்' என்ற எழுத்துக்குத் திருப்பி, வேகத்தை ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு என்று வைத்ததும் சரியாக வந்தது. வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ. என்பதை 800, மிஞ்சினால் 1600. அதற்கு மேல் போனால் படத்தில் ரவை தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக வரும். மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரை இருந்தால் காமிரா ஏமாந்து போய் முகத்தை வெளுக்க அடித்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு படி கழித்தலில் வைக்க வேண்டும். பிளாஷை அணைத்தே விடுங்கள். அந்தப் பொடி பிளாஷ் நாலைந்து மீட்டருக்கு நன்றாக எட்டும், கூடிப் போனால் பத்துப் பன்னிரண்டு. இருபத்தைந்து மீட்டரில் அது முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையை மட்டும் ஜோராகப் படம் பிடிக்கும்.

இனி, நான் சொன்ன டப்பா. மாமியார், காமிராவைப் பட்டுப் புடவைக்கு நடுவே சுற்றி பீரோவுக்குள் வைத்திருந்தார். பத்திரமாம்! மார்கழிப் பனியில் பீரோவுக்குள் ஈரம் தங்கிவிடும். பூஞ்சணம் வருவதே அப்படித்தான். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, அதற்குள் வையுங்கள். பொட்டலங்கள் தனியாகவும் விலைக்குக் கிடைக்கின்றன. ஈரம் குடித்தால் நிறம் மாறும் ரகமாகப் பார்த்து வாங்கினால், மாற்ற வேண்டிய நேரம் தானே தெரியும். குழந்தைகள் கையில் அந்தப் பொட்டலம் போகக் கூடாது, ஜாக்கிரதை. வாரம் ஒரு முறை காமிராவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். தோல் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக் கொள்ளும்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். அதே கடைசி வரிசை. சுற்றிலும் தூக்கிப் பிடித்த போன்கள். இவள் மட்டும் காமிராவை நெற்றியில் ஒட்டிக் கொண்டு, மூச்சைப் பிடித்து, பாதி அமுக்கி, மீதி அமுக்கி... ஆறு நிமிஷ நடனம். 140 படம் எடுத்திருந்தாள். கீழே இறங்கி வந்து சுவரோரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாதிக்கு மேல் குப்பை. கண் மூடியது, பக்கத்துக் குழந்தையின் தோகை மறைத்தது, தலை வெட்டுப்பட்டது. தேறியது பதினொன்று. அதில் ஒன்றில் குழந்தை ஆட்டத்தை மறந்துவிட்டு, சரிந்து வந்த கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக் கொண்டு, அம்மா எங்கே என்று கூட்டத்தைத் துழாவிக் கொண்டிருக்கிறது. பார்வை நேரே காமிராவுக்குள் வந்து விழுந்திருக்கிறது.

அங்கேயே கார்டைப் போனில் செருகி மஸ்கட்டுக்கு அனுப்பினாள். பதில் வருவதற்கு முன் வீட்டுக்கே வந்துவிட்டோம். மாமியாரிடம் காட்டிக் கொண்டிருந்தபோதுதான் போன் சத்தம் கேட்டது. அவர் எழுதியிருந்தார்: 'பாப்பாவுக்கு இடது கால் சலங்கை கட்டு அவிழ்ந்து தொங்குது. மேடை ஏத்தறதுக்கு முன்னாடி அங்கே யாருமே அதைக் கவனிக்கலையா?'

"வந்துட்டாரு குத்தம் கண்டுபிடிக்க!" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக் கொண்டே அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். அவிழ்ந்துதான் இருந்தது.